எக்ஸ்ரே அத்தை

1

இந்தக் கதை எனக்குத் தோள்பட்டை வழியாக வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து, எலும்பு எதுவும் முறிந்திருக்குமோ என்று எக்ஸ்ரே எடுக்கப் போனேன். எடுக்கிற பெண்மணி என் கையைத் தூக்கி ஒரு கோணத்தில் வைத்து, "ஆடாதீங்க" என்றார். பிறகு, "நீங்க கதை எழுதுறவராமே, உங்க மனைவி சொன்னாங்க. எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார்.

ஆடக்கூடாதவனிடம் கதை சொல்வது எவ்வளவு வசதி பாருங்கள். கொட்டாவி விட மாட்டான், நழுவ மாட்டான். முக்கியமான இடம் வரும்போதெல்லாம் "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். அதனால்தான் இந்தக் கதை எண் போட்ட துண்டுகளாக இருக்கிறது. இதை யாராவது இலக்கிய உத்தி என்று எழுதினால் நான் மறுக்கப் போவதில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏரியின் மேல் கோடை வெயில் வெள்ளியை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு…"

வேண்டாம். ஊற்றிய வெள்ளியை அப்புறம் யார் அள்ளுவது.

இரண்டாவது: "அவருக்கு யாரும் இல்லை." இதைப் படித்துக் காட்டியிருந்தால் என் தோளை இன்னும் கொஞ்சம் முறுக்கியிருப்பார். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, சினிமாவுக்குக் கூட வர இரண்டு தோழிகள் இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றுதான்: முறை சொல்லிக் கூப்பிட ஆள். ஒற்றைப் பிள்ளை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் கைகூடவில்லை. அண்ணன் தம்பி இல்லாததால் அத்தை ஆக முடியாது; அக்கா தங்கை இல்லாததால் பெரியம்மாவோ சித்தியோ ஆகவும் வழியில்லை. எக்ஸ்ரே அறைக்கு வருகிறவர்களுக்கு அவர் 'மேடம்'.

ஆகவே மூன்றாவது தொடக்கம், பூச்சு வேலை இல்லாமல்: எக்ஸ்ரே எடுக்கிறவர் தன் வருட விடுப்பைப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கான கோடை முகாமில் கவுன்சிலராகத் தொண்டு செய்யப் போனார்.

(கவுன்சிலர் என்றதும் ஓட்டுக் கேட்டு வருகிறவர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. இது வேறு. ஓர் அறைப் பிள்ளைகளை எழுப்பி, பல் தேய்க்க வைத்து, ஏரிக்குக் கூட்டிப்போய், கூட்டிப்போன அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டிவந்து, சண்டை தீர்த்துத் தூங்க வைக்கிற வேலை. சம்பளம் கிடையாது. மற்ற கவுன்சிலர்களுக்கும் ஒரு தடவை இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்க்கலாம்.)

3

முகாமின் முதல் மத்தியானம். அறையில் அடுக்குக் கட்டில்கள். மேல் கட்டிலுக்கு அடிதடி. ஒல்லியான ஒரு சிறுமி முதலில் வந்து தன் பையை மேலே போட்டிருந்தாள். நிற்காமல் சுற்றுகிறவள், பேச்சும் அப்படித்தான். அவளை ராட்டினம் என்று வைத்துக்கொள்வோம். நெட்டையான இன்னொருத்தி அந்தப் பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"நான்தான் முதல்ல வந்தேன்" என்றாள் ராட்டினம்.

"வந்தா என்ன? உனக்காகக் கேக்க இங்க யாரு இருக்கா?"

அந்த நேரம் பார்த்து, முகவாய் வரைக்கும் போர்வைகளை அடுக்கிக்கொண்டு நம்மவர் உள்ளே நுழைந்தார். ராட்டினம் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க அத்தை இருக்காங்க" என்றாள்.

நெட்டைப்பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்க நிஜமாவே இவளோட அத்தையா?"

இங்கே இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். 'இல்லையே' என்று அவர் சொல்கிறார்; கதை முடிந்தது. உண்மை பேசுகிறவர்களால் எங்கள் பிழைப்பு எப்படிக் கெடுகிறது பாருங்கள். அல்லது, அவர் கண்கலங்கி அந்தக் குழந்தையை வாரி… பார்த்துக் கால்மணி நேரம் ஆகாத பிள்ளையையா? அந்த வரியை அடித்துவிட்டேன்.

உண்மையில் அவர் செய்தது இது. போர்வைகளைக் கட்டிலில் இறக்கி வைத்தார். ஒன்றை உதறினார்.

"ஏன், ஜாடை தெரியலையா?"

பிள்ளைகள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "மூக்கு அப்படியே இருக்குல்ல" என்றது ஒரு வாண்டு. நெட்டைப்பெண் ராட்டினத்தின் பையை எடுத்துத் திரும்ப மேல் கட்டிலில் வைத்தாள்.

"நான் பொய் சொல்லலைங்க, கேள்விதான் கேட்டேன்" என்று என்னிடம் வாதாடினார். நான்தான் ஆடக்கூடாதே, தலையாட்டவில்லை.

4

அன்று சாயங்காலத்துக்குள் அவர் எல்லாருக்கும் எக்ஸ்ரே அத்தை ஆகிவிட்டார். ஏரிக்கரையில் பிள்ளைகளின் கூச்சல் எல்லை மீறினால் தொழில் குரலில் "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்பார். அத்தனை பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார்கள். "விடலாம்" என்கிற வரை தவளைச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

பிள்ளைகள் விடுவார்களா? "அத்தை, இவ சின்னப் பிள்ளையில எப்படி இருப்பா?"

"மூணு வயசு வரைக்கும் வாயே திறக்க மாட்டா. சேத்து வச்சுத்தான் இப்போ பேசுறா."

ராட்டினம் சிரித்த சிரிப்பில், அது தனக்கும் புதுச் செய்தி என்பதை மறந்தே போனாள். அவளை இவரும் ரசிக்க ஆரம்பித்துவிட்டார். தலை பின்னிவிடும்போது "ஆடாதடி" என்றார். சொன்ன பிறகுதான் அந்த 'டி' தன் வாயில் எங்கிருந்து வந்தது என்று யோசித்தார்.

5

முகாம் நடத்துகிறவர் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சேதி அவர் காதுக்கும் போயிற்று. கூப்பிட்டு அனுப்பினார்.

"சொந்தக்காரங்க ஒரே அறையில இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கும்மா. அந்தப் பொண்ணை வேற அறைக்கு மாத்தணும்."

"சொந்தமே இல்லை சார். அவளாச் சொன்னா. நான் மறுக்கலை."

"அப்போ பிள்ளைங்க முன்னாடி சொல்லிடுங்க."

"சொன்னா அவ இந்த முகாம்ல தலைநிமிர்ந்து நடக்க முடியாது சார்."

அவர் விசிலை விரலில் உருட்டினார். "சொந்தம் இல்லைன்னா விதி பொருந்தாது. சொந்தம்னு பிள்ளைங்க நினைச்சா, அதுக்கு விதி கிடையாது" என்றார். "ஆனா அவங்கம்மா கடைசி நாள் வருவாங்க. அது உங்க பாடு."

(இந்த மனிதரை வில்லனாக்க நான் ரொம்பப் பாடுபட்டேன். மசியவில்லை.)

6

சேற்றில் விளையாடிவிட்டு வந்த ஒரு பிற்பகல். ஏரிப் படியில் இருவரும் உட்கார்ந்து காலணிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"அத்தை, எங்கப்பா சின்ன வயசுல எப்படி இருந்தாரு?"

அவர் கை நின்றது. அவர் அத்தை இல்லை என்பது உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள், கேட்கிறவள்தான்.

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாட்டி என்ன. என்னைப் பத்திச் சொன்னீங்கல்ல, அந்த மாதிரி சொல்லுங்க."

"அம்மாகிட்டக் கேளேன்."

"கேட்டாச்சு. வேலை இருக்குன்னு எழுந்து போயிடுவாங்க. அவரு எங்க போனாருன்னும் சொல்ல மாட்டாங்க."

சித்தி என்று சொல்லாமல் அவள் ஏன் அத்தை என்று சொன்னாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய ஓயாத பேச்சில் அம்மா பக்கத்துச் சித்திகளும் மாமாக்களும் ஏற்கெனவே நிரம்பியிருந்தார்கள். காலியாகக் கிடப்பது அப்பா பக்கம்.

சொல்ல எவ்வளவோ இருந்தது என்றார் என்னிடம். மரம் ஏறுவார், மாம்பழம் திருடுவார், அக்கா மேல் உயிர். ஒரு நிமிஷத்தில் ஓர் அப்பாவையே செய்துவிடலாம். (நானாக இருந்தால் செய்திருப்பேன். எனக்கு வேலையே அது.)

"வேணாம் கண்ணு" என்றார் அவர். "உன்னைப் பத்திச் சொன்னது விளையாட்டு. அவரைப் பத்திச் சொன்னா நீ நம்பிடுவே."

ராட்டினம் அன்று இரவுச் சாப்பாடு வரை பேசவில்லை. அவளுடைய வாழ்நாள் சாதனை அது.

7

கடைசி நாள். பெற்றவர்கள் வந்தார்கள். ராட்டினத்தின் அம்மா பேருந்து ஓட்டுகிறவர். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தார்.

அந்த அம்மாவைக் கத்த வைத்து ஒரு பக்கம் எழுதினேன். "யாருடி உனக்கு அத்தை, அந்த ஆளோட வகையில எவளும்…" கிழித்துவிட்டேன். நாள் முழுக்க நெரிசலில் பேருந்து ஓட்டுகிறவர் சட்டென்று பிரேக்கை மிதிக்க மாட்டார்.

நெட்டைப்பெண்தான் ஓடிப்போய், "ஆன்ட்டி, உங்க நாத்தனார் ரொம்ப நல்லவங்க" என்று உடைத்தாள்.

அம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். அம்மா நிமிர்ந்து, எக்ஸ்ரேக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். சுற்றிலும் பிள்ளைகள்.

"அண்ணி" என்றார் கடைசியில், நிதானமாக. "உங்க தம்பி எங்க இருக்காருன்னு ஏதாவது சேதி உண்டா?"

இவர் பக்கத்தில் போய், அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்குத் தம்பியே வாய்க்கலைங்க" என்றார்.

"எனக்கும் அவர் வாய்க்கலை" என்றார் அந்த அம்மா. உதட்டோரம் லேசாகத் துடித்தது. அழுகையா சிரிப்பா என்று இன்னும் தெரியவில்லையாம்.

பைகளை ஏற்றி, பிள்ளைகள் விடைபெற்றுக்கொண்டிருந்தபோது அம்மா இவரைத் தனியே அழைத்துப் போனார்.

"அவங்கப்பாவைப் பத்திக் கேட்டாளா?"

"கேட்டா. நான் எதையும் கட்டிச் சொல்லலை."

"நல்லவேளை." மகள் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சொல்லணும்னுதான் நினைக்கிறேன். வாயைத் திறந்தா திட்டாத்தான் வருது. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருந்தா மரியாதையாச் சொல்லிடுவேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, அண்ணி."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்கப் பக்கத்தில் ஒரு பிள்ளையும் இல்லை.

8

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. ஞாயித்துக்கிழமை இன்னும் வரலையே" என்றார் அவர்.

எழுதுகிறவனுக்கு இது பெரிய அநியாயம். நானே முடித்துப் பார்த்தேன். ஒன்றில் அவர் போகிறார், அம்மா சொல்கிறார், சிறுமி அழுகிறாள், எல்லாரும் தேநீர் குடிக்கிறார்கள். தேநீர் வந்தாலே எனக்குச் சந்தேகம். இன்னொன்றில் அவர் பாதி வழியில் 'நமக்கு என்ன உரிமை' என்று திரும்பிவிடுகிறார். என் மனைவி படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மூன்றாவதில் அம்மா கடைசி நேரத்தில் மனம் மாறி…

போதும். அந்த வீட்டில் நடக்கப்போவது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் படித்துறையில் அவர் செய்ய மறுத்ததை நான் செய்தவனாவேன். என்னால் முடிந்தது, அவரை வாசல் வரை கொண்டுவந்து விடுவதுதான். கையில் ஒரு பை ஆரஞ்சு. மணியை நானே அடித்துவிட்டேன்.

உள்ளே இருப்பது நீங்கள். சிறுமியாக இருங்கள், அம்மாவாக இருங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் வெறுமனே "வாங்க" என்றால் அவர் திரும்பிப் போய்விடக்கூடும். அதற்குப் பின்னால் இன்னொரு சொல் வேண்டும். யோசித்துத் திறங்கள், ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள்.