பத்து நாள் தண்ணீர்

ஞானபூரணி நர்ஸாக வந்து சேர்ந்த அந்தச் சின்ன ஊர் ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருந்தது. பஞ்சாயத்து போர்டு நடத்திய ஆஸ்பத்திரி. டாக்டர் செல்வநாயகம் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டி அவளுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நாய்ப் பவுண்டு.

தெருவில் திரிகிற நாய்களைச் சுருக்குக் கம்பி போட்டுப் பிடித்துவந்து அங்கே அடைப்பார்கள். மூன்று நாளில் யாரும் தேடி வராவிட்டால் தடியால் அடித்துக் கொன்று ஊருக்கு வெளியே புதைப்பார்கள். கூரை கிடையாது. நாலு சுவரும் ஒரு தகரக் கதவும்தான். சாகப்போகிற நாய்க்குத் தண்ணீர் எதற்கு என்பது பவுண்டுக் காவலாள் முனியசாமியின் நினைப்பு. வெயில் காலத்தில் முக்கால்வாசி நாய்கள் தடி விழுவதற்கு முன்பே செத்துப்போகும். வந்த புதிதில் ஞானபூரணிக்கு அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்கவில்லை. இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. அப்படிப் பழகிப்போனதைத்தான் அவள் பிற்பாடு நினைத்து நினைத்து வெந்தாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடிக் கடைசி. விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் திரி வைக்கிற வேலை பார்த்த சோலையம்மாள், ரத்தம் ஒழுகுகிற மணிக்கட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற வழியில் ஒரு கருப்பு நாய் பாய்ந்து கடித்துவிட்டதாம். விரல்களில் பட்டாசு மருந்தின் வெள்ளித் தூள் மினுங்கிக்கொண்டிருந்தது. ஞானபூரணி சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிக் கட்டினாள். முனியசாமி அன்றைக்கே அந்த நாயைப் பிடித்துப் பவுண்டில் போட்டான்.

கடித்த நாயைப் பத்து நாள் உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும். பத்து நாளும் நன்றாக இருந்தால் பயமில்லை. நடுவில் செத்தால் வெறி என்று வைத்துக்கொண்டு, கடிபட்டவரை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வயிற்றில் பதினாலு ஊசி போட வேண்டும். நர்ஸ் படிப்பில் அவள் மனப்பாடமாகப் படித்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கருப்பு நாய் செத்துக் கிடந்தது. கூடவே இன்னும் மூன்று நாய்களும் நாக்குத் தள்ளிக் கிடந்தன. வெயிலில் தண்ணீர் இல்லாமல் தவித்துச் செத்ததுதான், வேறொன்றும் இல்லை, மற்றதையும் பாருங்கள் என்றான் முனியசாமி. நாலும் ஒரே மாதிரிதான் கிடந்தன. எது தாகத்தில் செத்தது, எது நோயில் செத்தது என்று யாரால் சொல்ல முடியும்?

சாயங்காலம் சோலையம்மாள் கேட்க வந்தாள். தீபாவளி சீசன். கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. பதினாலு நாள் விருதுநகருக்கு அலைந்தால் அவள் இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள்.

“போயித்தான் ஆகணுமாக்கா?” என்றாள்.

ஞானபூரணிக்கு அன்றைக்குக் காலையிலிருந்து இரண்டு பிரசவம். நிற்க முடியாத களைப்பு. எதிரே நின்ற முகமோ வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்காக ஏங்கிக்கொண்டிருந்தது.

“அது தண்ணியில்லாமச் செத்த நாய். நீ வேலைக்குப் போ” என்றாள்.

நாற்பத்தைந்து நாள் கழித்து, புரட்டாசியில், சோலையம்மாளை அவள் புருஷன் சின்னச்சாமி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு நாளாகத் தொண்டையைப் பிடிக்கிறது, கைத்தழும்பு குறுகுறுவென்று இருக்கிறது என்றாள். ஞானபூரணி ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். டம்ளர் கிட்டே வந்ததும் சோலையம்மாளின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. தலை பின்னால் வெட்டியது. மூச்சு அடைத்து, பிறகு மெல்லத் திரும்பி வந்தது. ஞானபூரணி டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

விருதுநகருக்குக் கொண்டுபோகப் புருஷன் வண்டியைத் திருப்பப் போன நேரத்தில், சோலையம்மாள் தெளிவாக, சாதாரணக் குரலில் கேட்டாள்.

“அக்கா, அந்த நாய் தவிச்சுத்தான செத்துச்சு?”

“ஆமா” என்றாள் ஞானபூரணி.

விருதுநகரில் மூன்றாம் நாள் சோலையம்மாள் செத்துப்போனாள். கடிபட்டவள் ஊசிக்குப் போகவில்லை என்று போர்டு ஆபீஸில் எழுதி மூடிவிட்டார்கள். கூலிக்காரச் சனங்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று ஆபீஸர் வருத்தப்பட்டுக்கொண்டார். ஞானபூரணி அப்போது அங்கேயேதான் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மத்தியானங்கள் வந்தன.

ஆள் நடமாட்டம் அடங்கி வெயில் மட்டும் தெருவில் நிற்கிற உச்சி வேளையில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்கும். காய்ந்த தரையை நாக்கால் நக்குகிற சத்தம். சர்ரக், சர்ரக் என்று விட்டு விட்டுக் கேட்கும். நாய்தானே என்று முதலில் இருந்தாள். ஒருநாள் காலையில்தான் பவுண்டு நாய்களை மொத்தமாக வண்டியில் அள்ளிப் போயிருந்தார்கள். அன்றைக்கு உச்சிக்கும் அதே சத்தம் கேட்டது. குடத்தோடு ஓடிப்போய்த் தகரக் கதவைத் தள்ளினாள். உள்ளே வெறும் தரை கொதித்துக்கொண்டிருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அந்த வெறும் தரையில் குடத்துத் தண்ணீரைக் கொட்டினாள். தரை உறிஞ்சிக்கொண்டது.

மறுநாளிலிருந்து ஒரு பழைய மண்தொட்டியைக் கொண்டுபோய் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். தான் குடிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். முனியசாமிக்கு இது பிடிக்கவில்லை. தெம்பு வந்த நாய் அடிக்கும்போது கடிக்கும் என்று சொல்லி, இரண்டு தடவை தொட்டியைக் கவிழ்த்து வைத்தான்.

பிறகு ஒருநாள் அவனே முகம் வெளிறி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். நேற்று உச்சிக்கு நீங்கள் பவுண்டுக்குள் வந்தீர்களா என்று கேட்டான். முந்தின நாள் மருந்து வாங்க அவள் சிவகாசிக்குப் போய்விட்டுப் பொழுது சாயத்தான் திரும்பியிருந்தாள்.

“அப்பம் அது யாரும்மா? அங்கன ஒரு பொம்பளை குத்தவச்சு நாய்களையே பாத்துக்கிட்டு இருந்தா. நீங்கன்னு நெனைச்சு நானும் பேசாமப் போயிட்டேன்.” பவுண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “தண்ணி வச்சாப் போயிருவாளா?” என்றான்.

“தெரியாது முனியசாமி. நீ வையி.”

அன்றிலிருந்து அவனே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தான். இரக்கம் இல்லை, பயம்தான். நாய்களுக்கு அது தெரியவா போகிறது?

மண்தொட்டி போதாது என்று ஞானபூரணிக்குத் தெரியும். மார்கழி மாதம் போர்டுக்கு ஒரு மனு எழுதினாள். பவுண்டுக்குக் கூரை வேண்டும், கல்தொட்டி வேண்டும், கடித்த நாயைத் தனியாக வைக்கக் கம்பிக் கூண்டு வேண்டும், பத்து நாள் முடியாமல் அதை யாரும் தொடக்கூடாது, தடியால் அடிப்பதை நிறுத்தி, மாட்டாஸ்பத்திரி டாக்டரை வைத்து ஊசி போட வேண்டும். போர்டுத் தலைவர் இராமகிருஷ்ணன் கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒரு உறுப்பினர் சிரித்தார். கீழத்தெருச் சனம் ஒரு குடம் தண்ணிக்கு ரெண்டு மைல் நடக்குது, நாய்க்குக் கல்தொட்டியா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை என்று ஞானபூரணிக்கே தோன்றியது. ஆனாலும் எழுந்து நின்றாள்.

“சோலையம்மாள் ஊசிக்குப் போகமாட்டேன்னு சொல்லலை. என்கிட்ட வந்து கேட்டா. நான்தான் போகவேண்டாம்னு சொன்னேன். நாய் வெறியில செத்துச்சா, தவிச்சுச் செத்துச்சான்னு எனக்குத் தெரியலை. அங்கன தண்ணி இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.”

தலைவர் மனுவை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். கடைசியில் கூரையும் தொட்டியும் இரண்டு கூண்டும் கொடுப்பதாகத் தீர்மானம் ஆயிற்று. மாட்டு டாக்டர் விஷயம் தள்ளிப்போயிற்று. தடி அப்படியே இருந்தது. தவறான யோசனை சொன்னதற்கு விளக்கம் கேட்டு ஞானபூரணிக்கு ஒரு மெமோ வந்தது. பொங்கலுக்குப் பிறகு அவளை மாற்றிவிடுவது என்றும் பேச்சு அடிபட்டது. அந்த ஊருக்கு வர வேறு நர்ஸ் சம்மதிக்காததால் அது நடக்கவில்லை.

கூட்டத்தில் சொன்ன சொல் ஊருக்குள் போகாமல் இருக்குமா? தை மாதத்தில் ஒருநாள் மத்தியானம் சோலையம்மாளின் புருஷன் சின்னச்சாமி வந்தான். அடிப்பான் என்று நினைத்து, அடிக்கட்டும் என்று அவள் நின்றாள். அவன் பவுண்டைக் காட்டச் சொன்னான். புதுக்கூரையின் நிழலில் இரண்டு நாய்கள் கல்தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தொட்டி முழங்கால் உயரம்தான். அவன் குனிந்து கையை உள்ளே விட்டு அடியைத் தொட்டுப் பார்த்தான்.

“இம்புட்டுத்தானா?” என்றான்.

பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“கடைசியா அவகிட்ட என்ன சொன்னீக?”

நாய் தவித்துத்தானே செத்தது என்று சோலையம்மாள் கேட்டதையும், ஆமா என்று தான் சொன்னதையும் அவள் சொன்னாள்.

“அதை நம்பித்தான் போயிருக்கா. பெரியாஸ்பத்திரியில, எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போவோம்னு சொல்லிக்கிட்டே கெடந்தா.” ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் காய்ச்சல் என்றால்கூட அவன் இந்த ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. சிவகாசிக்குத்தான் போனான்.

அறுபத்திரண்டாம் வருஷம் வைகாசியில் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற மாரித்தாயை ஒரு செவலை நாய் கெண்டைக்காலில் கடித்தது. நாயைக் கூண்டில் வைத்தார்கள். முனியசாமி வேளை தவறாமல் தண்ணீர் வைத்தான். மூன்றாம் நாள் காலையில் ஓடிவந்தான். நாய் தண்ணீருக்கு வருகிறது, வாயை வைக்கிறது, தண்ணீர் இறங்கவில்லை, தாடை தொங்குகிறது என்றான். ஞானபூரணி கூண்டு வரைக்கும்கூடப் போகவில்லை. நேராகக் கம்பெனிக்குப் போய் மாரித்தாயை வேலையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பதினாலு நாளும் கூடவே போனாள். மாரித்தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பிரசவத்தையும் ஞானபூரணிதான் பார்த்தாள்.

ஒரு உயிரைக் காப்பாற்றியதோடு உச்சிவேளைச் சத்தம் நின்றுவிடும் என்று அவளுக்குள் ஒரு ஆசை இருந்தது. நிற்கவில்லை. சர்ச்சில் போதகரிடம் சொன்னாள், அவர் ஜெபம் பண்ணினார். அப்போதும் நிற்கவில்லை. பிறகு அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அறுபத்து நாலில் மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர், வாரம் ஒருநாள் வந்து ஊசி போட ஒப்புக்கொண்டார். முனியசாமி தடியை ஆபீஸில் ஒப்படைத்தான். இரண்டு வருஷம் கழித்து ஞானபூரணிக்கு ஏழாயிரம்பண்ணைக்கு மாற்றல் வந்தது. சுற்றிலும் கரிசல் காட்டுக்குள் பட்டாசுக் கம்பெனிகள். அங்கே பவுண்டு என்று ஒன்றும் இல்லை. கடித்த நாய் எங்கே போயிற்று என்றே யாருக்கும் தெரியாது. அதனால் நாய்க்கடி என்று யார் வந்தாலும், ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிடுவாள். சீட்டு எழுதிக் கொடுத்தால் போதாதா, நீங்களும் எதற்கு இம்புட்டுத் தூரம் அலையுறீக என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டார்.

“வேலை போயிரும்னு பாதியில எறங்கிருவாக” என்றாள் ஞானபூரணி.