மேகங்கள் அழகாகத்தான் இருந்தன

சிமுலேட்டர் அறைக் கதவைத் திறந்ததுமே ஃபினாயில் நெடி மூக்கில் அறைந்தது. அந்த அறையில் யாரும் ஃபினாயில் ஊற்ற மாட்டார்கள். நான்கு நாற்காலிகள், நான்கு ஹெட்செட்டுகள், நான்கு கம்ப்யூட்டர்கள், ஹெட்செட்டில் தெரிவதை மற்றவர்களுக்குக் காட்ட சுவரில் ஒரு டிவி. தூசி தட்டுவதோடு சரி.

அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எந்நேரமும் தோளில் சுருட்டிய வயரோடு திரிவதால் அவள் எல்லோருக்கும் கம்பி. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில், மாணவர்கள் நிஜ விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் கண்ணை மறைக்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பறந்து பழகும் இயந்திரங்கள் அவள் பொறுப்பு. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக மூன்று நாள் லீவு போட்டுவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள். லீவு போட்ட அன்று, "கம்பி கம்பி நீட்டிட்டா" என்று ஆபீஸே சிரித்ததாம்.

"யாரு வாந்தி எடுத்தது?" என்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு வேலைக்கார அம்மாவிடம் கேட்டாள்.

"அந்த பஸ் ஓட்டின பொண்ணு. நேத்து தேர்வு. பாவம், குப்பைத்தொட்டி வரைக்கும்கூடப் போக முடியல. அதுக்கு முந்தின நாளு இன்னொருத்தரு தலையப் பிடிச்சுக்கிட்டு வந்து படியிலேயே உக்காந்துட்டாரு."

பஸ் ஓட்டின பெண் என்றால் டிரைவர். ஆறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள், விடாமல் படித்துப் பரீட்சை எழுதி இங்கே வந்து சேர்ந்திருந்தாள். நான்கு மாதமாக இதே ஹெட்செட்டில் அறுபது மணி நேரம் பறந்திருக்கிறாள். ஒரு தடவை முகம் சுளித்ததில்லை.

கம்பி முதல் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸைத் திறந்தாள். ரத்தம் தலைக்கு ஏறியது. மேகம், உச்சம். நிழல், உச்சம். தண்ணீரில் பிரதிபலிப்பு, உச்சம். படத்தின் கூர்மை நூற்றைம்பது சதவீதம். எல்லாமே வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றன. மற்ற மூன்றிலும் அதே கதை.

அவள் வைத்திருந்த அளவுகள் ஐந்து மாத உழைப்பு. ஹெட்செட்டுக்கு நொடிக்குத் தொண்ணூறு படம் போய்ச் சேர வேண்டும். ஒரு படத்தை வரைய கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது பதினொரு மில்லி நொடி. அதற்குள் முடிக்காவிட்டால், விட்ட படங்களை அதுவே உத்தேசமாக இட்டு நிரப்பும். தலையைத் திருப்பினால் உலகம் ஒரு கணம் பிந்தித் திரும்பும். ரன்வேயின் ஓரம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை வேறொன்று சொல்லும், வயிறு தீர்ப்பு எழுதிவிடும்.

அதனால்தான் கம்பி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் செதுக்கியிருந்தாள். மேகத்தை நடுத்தரத்துக்கு இறக்கினாள். கட்டடங்களின் நிழலை நீக்கினாள். பார்வையின் நடுவில் மட்டும் கூர்மையை வைத்து ஓரங்களை மங்க விட்டாள். மீட்டர் எண்கள் மட்டும் பளிச்சென்று படிக்க வரும்படி செய்தாள். பார்க்கச் சுமார்தான். ஆனால் படம் ஒரு இடத்திலும் திக்கித் தட்டாது.

பதிவைத் திறந்தாள். நேற்றைய தேர்வு நேரத்தில் நொடிக்கு இருபத்தெட்டுப் படம். மாற்றம் நடந்தது, அவள் லீவில் போன அன்று காலை பத்தே காலுக்கு, நிர்வாகக் கணக்கிலிருந்து. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவர் பள்ளியின் மேனேஜர், அவளுடைய அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

"வாம்மா, அக்காவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்றார் மாமா.

"நல்லா இருக்கு. செட்டிங்ஸ மாத்தினீங்களா?"

"ஓ, அதுவா! வியாழக்கிழமை அந்த ஏர்லைன் ஆளுங்க வர்றாங்கல்ல, அவங்க பைலட்டுங்களை இங்க அனுப்பறதைப் பத்திப் பேச. சுவத்து டிவியில பாத்தா உன் மேகமெல்லாம் அழுக்குப் பஞ்சு மாதிரி இருக்கு. எல்லாத்தையும் ஏத்தி விட்டேன். இப்ப போய்ப் பாரு, அசல் வானம் தோத்துடும்."

"டிவியில பாத்தீங்க. ஹெட்செட்ட மாட்டிப் பாத்தீங்களா?"

"எனக்கு எதுக்கு? முடி கலையும்."

கம்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தேர்வுல ஒருத்தி வாந்தி எடுத்திருக்கா மாமா."

"சிலருக்கு ஒத்துக்காது. அதுக்குத்தானே தேர்வே? கேப்டன் எழுதிக் குடுத்துட்டாரு பாரு."

அவர் தள்ளிய தாளில் சிவப்பு மையில் இருந்தது: கடுமையான தலைச்சுற்றல். பறப்பதற்கு உடல் தகுதி ஐயத்துக்குரியது. பயிற்சியை நிறுத்தப் பரிந்துரை.

"இது அவ தலையில இருந்து வந்த சுத்தல் இல்ல. நீங்க ஏத்தி விட்ட மேகத்துல இருந்து வந்தது. இதக் கிழிங்க."

"மெதுவா பேசு, கதவு திறந்திருக்கு. மெஷின்ல தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க? வியாழன் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம். எடுத்தேன் கவுத்தேன்னு நிக்காத. அக்காகிட்ட சொல்லவா?"

"சொல்லுங்க. ஆபரேஷன் பண்ணின கண்ணால அம்மா உங்கள நல்லாப் பாக்கட்டும்."

கீழே இறங்குவதற்குள் அம்மாவிடமிருந்து ஃபோன் வந்துவிட்டது. "மாமாவ எதிர்த்துப் பேசினியாமே? வேலை வாங்கிக் குடுத்தவன்டி அவன்." கம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "சொட்டு மருந்து போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டு வைத்தாள்.

கேப்டன் இருபத்திரண்டு வருஷம் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தேர்வு நடத்துவதும் மதிப்பெண் போடுவதும் அவர்தான். அவர் எழுதினால் எழுதியதுதான். கம்பி சொன்னதைப் பாதியிலேயே கையமர்த்தினார்.

"வானத்துல காத்து தூக்கி அடிக்கும், மின்னல் வெட்டும். அங்க போய் படம் தட்டுது, செட்டிங் சரியில்லைன்னு சொல்ல முடியுமா? தாக்குப்பிடிக்கத் தெரியணும்."

"வானம் தட்டாது சார். தலைய இடது பக்கம் திருப்பினா ரன்வே உடனே தெரியும். முப்பது மில்லி நொடி யோசிச்சிட்டுத் தெரியாது. எங்கூட வந்து ரெண்டு தடவ இறங்குங்க. அப்புறமும் இப்படித்தான் சொல்வீங்கன்னா நான் ராஜினாமா எழுதித் தர்றேன்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக அவர் எழுந்தார்.

ஒரு இயந்திரத்தில் தன் பழைய அளவுகளை ஏற்றினாள். பக்கத்து இயந்திரத்தில் மாமாவின் அளவுகளை அப்படியே விட்டாள். எது எது என்று சொல்லவில்லை. இரண்டிலும் ஒரே விமானம், ஒரே ரன்வே, ஒரே மழை மூட்டம்.

முதலாவதில் எட்டு நிமிடம் சுற்றி இறங்கி, "சரி, இதுல என்ன?" என்றார்.

இரண்டாவதில் உட்கார்ந்ததும், "அட, இது அழகா இருக்கே!" என்றார். மேகங்கள் அழகாகத்தான் இருந்தன. சுவர் டிவியில் ஓரங்களில் பொன் பூசிக்கொண்டு மிதந்தன. இரண்டாவது நிமிடத்தில் அவர் பேச்சு நின்றது. நான்காவது நிமிடத்தில் ரன்வேயைத் தேடி இடது தோளுக்கு மேல் திரும்பினார், மறுபடி மீட்டருக்குத் திரும்பினார், மறுபடி தோளுக்கு. பின்கழுத்தில் வியர்வை அரும்பியது. இருநூறு அடி உயரத்தில் கை நழுவியது. விமானம் ரன்வேக்கு முன்னால் புல்வெளியில் போய்க் குத்தியது. ஹெட்செட்டைக் கழற்றி வீசாத குறையாக வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

இந்தக் கணத்துக்காகத்தான் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தாள். வந்தபோது சந்தோஷம் ஒன்றும் இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அந்தப் பொண்ணு இதுல எவ்வளவு நேரம் ஓட்டினா?" என்றார் கண்ணை மூடியபடி.

"நாப்பத்திரண்டு நிமிஷம் சார்."

"நான் பக்கத்துலயேதான் நின்னேன். டிவியில எல்லாம் சரியாத்தானே தெரிஞ்சுது?"

"டிவியில தெரியாது சார். சினிமாவே நொடிக்கு இருபத்திநாலு படம்தான். தலையில மாட்டினாத்தான் தெரியும்."

மறுநாள் டிரைவரை மேனேஜர் அறைக்கு வரவழைத்தார்கள். கேப்டனும் மாமாவும் முந்தின மாலை பேசி ஒரு தாளைத் தயாரித்திருந்தார்கள். 'கருணை அடிப்படையில் மறுதேர்வு' என்று டைப் அடித்திருந்தது. டிரைவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"யாரோட கருணை?"

"ஏம்மா, இன்னொரு வாய்ப்பு குடுக்குறோம்ல?" என்றார் மாமா. "கையெழுத்துப் போட்டுட்டுப் போயேன்."

"பஸ்ல பிரேக் பிடிக்கலைன்னா டிப்போவுல, பிரேக் பிடிக்கலைன்னு எழுதுவாங்க சார். டிரைவர் மேல இரக்கப்பட்டு வேற வண்டி குடுத்தோம்னு எழுத மாட்டாங்க. மெஷின்ல தப்புன்னு துடைக்கிற அம்மாவே சொல்லுது. இதுல ஏன் இல்ல?"

அவள் கம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, மாத்தினது யாரு?"

"மேனேஜர்."

"அவருக்கு எப்படி மாத்த முடிஞ்சுது? பூட்டி வெச்சிருக்கேன்னு நீங்கதான சொல்வீங்க?"

"பாஸ்வேர்டு நான்தான் குடுத்தேன்."

"ஏன்?"

"கேட்டாரு. மாமாவாச்சேன்னு…"

"அப்ப உங்க குடும்பத்து மரியாதைக்கு நான் வாந்தி எடுத்திருக்கேன்." டிரைவர் கத்தவில்லை. ஸ்டாப்பிங்கில் இறங்காத ஆளிடம் பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னாள். "ரெண்டு நாளா வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு தலையத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன், சுத்துதா, சுத்துதான்னு. என் தலைய நானே நம்பல. தெரியுமா?"

தாளை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். கடைசியில் கேப்டன் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தார். வேறொன்றை எடுத்து, சிவப்புப் பேனாவைத் தேடாமல் கையில் கிடைத்த பேனாவால் எழுதினார்: இயந்திரத்தின் அளவுகள் தவறாக மாற்றப்பட்டிருந்தன. அந்த இரண்டு நாள் தேர்வுகளும் செல்லாது. என் மதிப்பீடு தவறு. கையெழுத்துப் போட்டு மாமா பக்கம் நகர்த்தினார். மாமா போட்டார், பேனா தாளைக் கிழிக்காதது அதிசயம்.

"சொந்தக்காரின்னு உள்ள விட்டதுக்கு எனக்கு இது வேணும்" என்று கம்பியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். அன்றே அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். புதியதை அவர் கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை வந்தவர்களில் ஒருவர், "மேகம் கொஞ்சம் சுமாரா இருக்கே" என்றார். "மேகம் வாங்க வந்தீங்களா, பைலட்டப் பாக்க வந்தீங்களா?" என்று கேப்டன் எரிந்து விழுந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். வெள்ளிக்கிழமை டிரைவர் ஐம்பது நிமிடம் பறந்தாள். முதல் இறக்கம் கொஞ்சம் முரட்டடி, இரண்டாவது சுத்தம். தேறிவிட்டாள். போகும்போது கம்பியைப் பார்த்துத் தலையசைத்தாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கம்பியால் தாங்கியிருக்க முடியாது.

மாமா பேச்சை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதையும் நிறுத்தினார். "நீ சொன்னது நியாயமாவே இருக்கட்டும், தட்டு ஒண்ணு கொறையுதேடி" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் கம்பி ஒரு வருஷத்துப் பதிவையும் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தாள். மாமா வேறு எத்தனை தடவை கை வைத்தார் என்று பிடித்துவிட வேண்டும் என்ற வெறி. அவர் வேறெந்த நாளும் தொட்டிருக்கவில்லை. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க நொடிக்கு முப்பத்துநான்கு படம் என்று இருந்தது. கணக்கு அவளுடையது. அன்று அவள் புது அப்டேட் போட்டிருந்தாள். அது எல்லா அளவுகளையும் பழையபடி உச்சத்துக்கு ஏற்றிவிட்டிருந்தது. சாயங்காலம்தான் கவனித்துத் திருத்தினாள். அன்றைக்குப் பறந்தவர்கள் பட்டியலில் ஒரு எலெக்ட்ரீஷியன் இருந்தார். தலைவலி தாங்கவில்லை, எனக்கு இது சரிப்பட்டு வராது என்று அதே வாரம் விலகிக்கொண்டவர். 'வீட்டு விட்டத்துல ஏறினா வராத மயக்கமா?' என்று அவரை அவளே கிண்டல் செய்திருந்தாள்.

நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் டிரில்லிங் மெஷின் சத்தம் நின்றது.

"பரவாயில்ல மேடம்" என்றார் அவர். "அது முடிஞ்சு போன கதை. இப்ப வேலை நல்லாத்தான் போகுது."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டாள். "திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா பரவாயில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் திட்டவில்லை. "திரும்பி வந்தா மறுபடி முதல்ல இருந்தா?" என்று கேட்டார்.

"இல்ல. விட்ட இடத்துல இருந்து. நான் எழுதி வாங்குறேன்."

வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். கம்பி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி, நேரம், படங்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதினாள். தவறு யாருடையது என்ற இடத்தில் சம்பளப் பட்டியலில் இருக்கும் தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கேப்டன் அறை பூட்டியிருந்தது. கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போக மனசு வரவில்லை. அவர் வரும்வரை நடைபாதையிலேயே நின்றாள்.