பூ இல்லாத கோயிலாழ்வார்

சவரிமுத்து செய்ததையெல்லாம் யாராவது உடைத்துக்கொண்டே இருந்தார்கள். இதில் யார் மேலும் குற்றமில்லை. கவரைப்பேட்டையை ஒட்டியிருந்த ஒரு பம்ப் தொழிற்சாலையில் அவனுக்குப் பேக்கிங் ஷெட்டில் வேலை. பம்புகளுக்கு மரப்பெட்டி அடிப்பான். பெட்டி லாரி ஏறும், கான்பூரோ நாக்பூரோ போய்ச் சேரும், அங்கே ஒருவன் கடப்பாரையை விட்டு நெம்பிப் பிரிப்பான், பலகை அடுப்புக்குப் போகும். பதினோரு வருஷமாக இதுதான் கதை. "நீ செய்தது எந்த வீட்டிலாவது நிற்கிறதா?" என்று யாராவது கேட்டால், விரல் நீட்டிக் காட்ட அவனுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. தன் வீட்டிலும் கிடையாது. நாள் முழுக்கச் சுத்தி பிடித்தவன் வீட்டுக்கு வந்தும் சுத்தி பிடிப்பானா?

அவன் பரம்பரை ஆசாரியும் இல்லை. அப்பன் வயல் கூலி. தொழிற்சாலை வந்தபோது மூட்டை தூக்கப் போனவன், ஆள் இல்லாத ஒரு நாள் சுத்தியைக் கையில் எடுத்தான், அப்புறம் கீழே வைக்கவில்லை. ஊர் ஆசாரிகள் அவனைப் 'பொட்டி ஆசாரி' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்களே, இவன் அதற்கு நேர் எதிர். ஒரு ரம்பம், ஓர் இழைப்புளி, இரண்டு உளி, மூலைமட்டம், சுத்தி. ஆஸ்தி அவ்வளவுதான். ஆனால் அவன் சேர்த்த மூலையில் ஒரு போஸ்ட்கார்டின் விளிம்பைக்கூடச் செருக முடியாது. கடப்பாரைக்குப் போகிற பெட்டிக்கு எதற்கடா இத்தனை நுணுக்கம் என்று கேட்டால், "கோணலா அடிச்சா ராத்திரி தூக்கம் வர்ல" என்பான்.

அந்த மூலையைக் கண்டுபிடித்தவள் வைஜயந்தி. அதே தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் வரைபடங்களை நகலெடுக்கிற வேலை அவளுக்கு. திருவள்ளூர்க்காரி, கோயில் கைங்கரியக் குடும்பத்து மருமகள், இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள். எழுபத்து நாலாம் வருஷம் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கையில் ஒரு சுருள் காகிதத்தோடு ஷெட்டுக்குள் வந்து நின்றாள்.

"சவரிமுத்து, மணவாள நகர்ல வீடு கட்டியிருக்கோம். உள்ள மர வேலையெல்லாம் நீங்கதான் பண்ணித் தரணும்."

"நானாம்மா? நான் பொட்டி அடிக்கிறவன். ஊட்டு வேலைக்குத்தான் ஊர்ல ஆசாரிங்க கீறாங்களே."

"அவாளெல்லாம் பூப் போடுவா, மயில் போடுவா. எனக்கு ஒண்ணும் வேண்டாம். உங்க பெட்டி மாதிரி இருந்தாப் போதும்."

கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் காகிதத்தை விரித்தாள். வரைபடம் படிப்பது சவரிமுத்துவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சுவரிலிருந்து நேரே நீளும் மூன்று பலகை, அதுதான் அலமாரி. தலைமாட்டுச் சித்திரம் இல்லாத கட்டில். ஜன்னலுக்குக் கீழே சுவருக்குச் சுவர் ஒரே நீளப் பெஞ்சு. பெயின்ட் இல்லை, வார்னிஷ் இல்லை, எண்ணெய் மட்டும். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு.

அந்தக் காலத்தில் வசதி வந்தவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டுமே! நல்ல தேக்குக்குப் பிரவுன் பெயின்ட் அடிப்பார்கள். பிறகு அந்தப் பெயின்ட் மேல் சீப்பால் கோடிழுத்துத் தேக்கு மாதிரி காட்டுவார்கள். மனுஷன் அடிக்கிற கூத்துக்கு ஓர் அளவே இல்லை. இவளோ மரத்தை மரமாக விடு என்கிறாள்.

"ஏம்மா இப்டி?" என்று கேட்டான்.

"வீடே சின்னது. சாமானெல்லாம் என்னைப் பார், என்னைப் பார்னு நின்னா மனுஷா எங்க உக்காந்து பேசறது?"

சவரிமுத்துவுக்கு இந்தப் பதில் பிடித்துப்போயிற்று. சரி என்றான்.

சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு பூசை முடிந்த பிறகு என்று நாலு மாதம் மணவாள நகருக்குப் போய் வந்தான். வாகை மரம் வாங்கினார்கள். இழைக்க இழைக்க உள்மரம் கருப்பட்டி நிறத்தில் வரிவரியாக எழுந்து வந்தது. எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்ததும் அந்த வரிகள் இன்னும் துலங்கின. அவன் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் எத்தனை பலகையை அறுத்திருப்பான்! ஒரு பலகையையாவது நின்று பார்த்திருப்பானா? வெள்ளைச் சுவரில் மூன்று பலகையும் ஏறியபோது அறையே மூச்சு விட்டாற்போல இருந்தது. வைஜயந்தி அதன் மேல் ஒரு கூஜாவையும் நாலு புத்தகத்தையும் மட்டும் வைத்தாள். அவள் கணவன் ஸம்பத்குமார், பாங்கு குமாஸ்தா, சாது, பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "இதுல உக்காந்தா வேற எதுவும் வேணும்னு தோணலையே" என்றான்.

எல்லாம் சரிதான். மாமனார் ஒருவர் இருக்கிறாரே!

கிருஷ்ணஸ்வாமி நாற்பது வருஷம் பெருமாள் வாகனத்தைத் தோளில் சுமந்தவர். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. அவர் வீட்டுப் பெருமாள் எழுந்தருளியிருக்கிற மரப்பெட்டியை, வைஷ்ணவ வீடுகளில் கோயிலாழ்வார் என்பார்கள். தூண், கோபுரம், கிளி எல்லாம் வைத்த பழைய கோயிலாழ்வாரைச் செல் அரித்துவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும். அதையும் சவரிமுத்துவே செய்யட்டும் என்றாள் மருமகள். அவன் வேதக்காரன், மாதாவைக் கும்பிடுகிறவன் என்பதையும் அவள் மறைக்கவில்லை.

கிருஷ்ணஸ்வாமி குளக்கரையிலிருந்த பழைய வீட்டிலிருந்து வந்து புது வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, இதென்ன அகமா, ஆஸ்பத்திரியா?" என்றார். பிறகு தீர்மானமாகச் சொன்னார்: "அவன் பண்ணட்டும். நான் வந்து பாக்கறேன். மனசுக்குப் பட்டா பெருமாளை ஏளப்பண்ணிண்டு வந்துடறேன். இல்லேன்னா பெருமாளும் நானும் குளக்கரை ஆத்துலயே இருந்துடறோம். நீங்க உங்க மொட்டை ஆத்துல சௌக்யமா இருங்கோ."

இதைக் கேட்டதிலிருந்து சவரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அலமாரியும் கட்டிலும் நாளைக்கே வேண்டாமென்றால் கழற்றி விற்றுவிடலாம். ஆனால் சாமி குடியேறிய பெட்டியை எவனும் பிரிக்கமாட்டான். தான் செய்த ஒன்று, ஒரே ஒன்று, ஒரு வீட்டில் நிற்க வேண்டும். அந்த ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது.

"இன்னாய்யா, மூஞ்சி இப்டி கீது?" என்றாள் அவன் பெண்டாட்டி ஆரோக்கியமேரி. "அவங்க சாமிக்கு ஊடு கட்டச் சொன்னா நீ ஏன் பட்டினி கெடக்குற?"

"ஐயரு வேணான்டாருன்னா?"

"வேணான்டா பேஜாரு வுட்டுச்சுன்னு இரு. மொதல்ல துன்னு."

அவன் பலா மரம் எடுத்தான். புதுப் பலா இழைத்தவுடன் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும். இரண்டடி உயரம். தூண் இல்லை, கோபுரம் இல்லை, இரண்டே கதவு. ஓர் ஆணி கிடையாது, பலகைக்குப் பலகை பல்லுக்குப் பல்லாகக் கோத்தான். பின்பலகைக்காக மட்டும் மரக்கடையில் அரை நாள் நின்றான். அவன் எடுத்த பலகையில் ரேகைகள் இரண்டு பக்கமிருந்தும் எழும்பி மேலே ஒரு வளைவாகக் கூடின. பெருமாளுக்குப் பின்னால் திருவாசி வைக்கிற இடத்தில் மரமே ஒரு திருவாசி வைத்திருந்தது. உளி படவேண்டிய அவசியமே இல்லை. பார்த்துப் பார்த்து அவனுக்கே கண் கலங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கூடத்தில் நின்றார்கள். சவரிமுத்து கோயிலாழ்வார் மேல் சுற்றியிருந்த வேட்டியை விலக்கினான். கிருஷ்ணஸ்வாமி பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். "கிளிகூட இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சாமி."

கிழவர் மறுபடி ஒரு சுற்று வந்தார். சவரிமுத்துவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பதற்றத்தில் கை பழகினதைத்தானே செய்யும்? அவன் குனிந்தான், கோயிலாழ்வாரை இரண்டு கையாலும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கினான், ஒரு மூலை கீழே இருக்கும்படி சாய்த்தான், விட்டான்.

தடால்!

"ஐயையோ! அபசாரம்!" என்று ஸம்பத்குமார் அலறினான். சாதுவான மனுஷனுக்கு அத்தனை குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வைஜயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கோயிலாழ்வார் ஒரு முறை உருண்டு நிமிர்ந்து நின்றது.

என்ன செய்தோம் என்று அப்போதுதான் சவரிமுத்துவுக்கு உறைத்தது.

"சாமி, மன்னிச்சிக்கோ சாமி. புத்தி கெட்டுப் பூட்டுது. எங்க ஷெட்டுல எந்தப் பொட்டியையும் தூக்கிப் போட்டுப் பாக்காத அனுப்பமாட்டோம். கை அதே பழக்கமாய்க்கினு..."

"எதுக்குப் போட்டுப் பாப்பே?" என்றார் கிருஷ்ணஸ்வாமி. குரல் உயரவில்லை.

"வழியில எங்கியாச்சும் வுழுந்தா, உள்ள கீறதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதில்ல சாமி."

கிழவர் தரையில் உட்கார்ந்தார். விழுந்த மூலையைத் தடவினார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கட்டை விரல் நகத்தை மூட்டில் செருகப் பார்த்தார். நகம் எங்கேயும் நுழையவில்லை. சிமென்ட் தரையில்தான் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அப்படியே உள்ளே எட்டிப் பார்த்தவர் பின்பலகையைக் கண்டார். அதன் வளைவை விரலால் மெல்லத் தொடர்ந்து போனார். அந்த விரல் ஒரு தரம் மேலே போய்க் கீழே வருவதற்குள் சவரிமுத்து அத்தனை மாதாக்களையும் கூப்பிட்டுவிட்டான்.

"ஸம்பத், கத்தாதேடா" என்றார் கிழவர். "ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னாடி நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமோ? வெறும் வாகனத்தைத் தோள்ல தூக்கி ஒரு உலுக்கு உலுக்கிப் பாப்போம். அப்பறந்தான் பெருமாள் ஏறுவார். அது அபசாரம்னா நான் நாப்பது வருஷம் பண்ணினதும் அபசாரந்தான்." சவரிமுத்துவை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனையோ ஆசாரி பாத்திருக்கேன்ப்பா. பூப் போடறவா உண்டு, யாளி போடறவா உண்டு. உள்ள இருக்கறவருக்கு என்ன ஆகுமோன்னு பயந்து பண்ணினவன் நீ ஒருத்தன்."

சவரிமுத்து கும்பிட்ட கையோடு நின்றான்.

"நிக்கறியே. அந்தப் பக்கம் பிடி."

"நானா சாமி? பூஜை ரூமுக்கா?"

"பின்னே? கோணலா வெச்சுட்டா யாரு சரி பண்றது? கால் அலம்பிண்டு வா."

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சவரிமுத்து மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து அரை விரல் நகர்த்தினான். சாயங்காலமே கிருஷ்ணஸ்வாமி குளக்கரை வீட்டைப் பூட்டிக்கொண்டு பெருமாளோடு வந்துவிட்டார். விளக்கேற்றியதும் மஞ்சள் மரம் தகதகவென்றிருந்தது. மரத் திருவாசிக்கு முன்னால் பெருமாள் உட்கார்ந்ததை வாசற்படியில் நின்று சவரிமுத்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். இந்தப் பிறவிக்கு இது போதும் என்றிருந்தது அவனுக்கு.

கிளம்பும்போது கிழவர் பின்னாலேயே வாசலுக்கு வந்தார்.

"உங்காத்துல மாதா எங்க இருக்கா?"

சவரிமுத்து தலையைச் சொறிந்தான். "செவுத்துல ஆணி அடிச்சி படம் மாட்டி வச்சிக்கீறேன் சாமி."

"பலாப்பலகை மிச்சம் இருக்கோன்னோ?"

"ரெண்டு துண்டு கீது."

"எடுத்துண்டு போ" என்றார் கிருஷ்ணஸ்வாமி. "பண்ணு. போட்டுப் பாத்துட்டு அவளை உள்ள வை."