வராத சாவி

பொம்மனஹள்ளியில் காய்கறிக் கடை முன்னால் ஆட்டோமேட்டிக் காரை நிறுத்திவிட்டு இறங்கப் போன ரகுவுக்குச் சாவி கையோடு வரவில்லை. எஞ்சினை அணைத்து, கியரைப் பார்க்கிங்கில்தான் போட்டிருந்தான். ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தான், சாவியை அழுத்தித் திருகினான். அது கடைசிவரை திரும்பாமல் பாதியிலேயே நின்றது. பின்னால் ஓர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, வண்டியை எடுக்கச் சொல்லி, "காடி தெகீரி சார்" என்று கன்னடத்தில் அலுத்துக்கொண்டார்.

ரகுவுக்குச் சட்டென்று பிரபாவின் முகம் நினைவுக்கு வந்தது.

போன மாதம் அவன் மனைவி இதே இருக்கையில் இப்படித்தான் மாட்டிக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கியபின் முதல்முறையாகத் தனியாக விவேக் நகர்வரை ஓட்டிக்கொண்டு, தோழி ஜோசஃபின் வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் சாவி வரவில்லை. பயந்துபோய் ரகுவுக்குப் போன் செய்தாள். ஆபீஸ் வேலையைப் பாதியில் விட்டு வந்த எரிச்சலில் அவன் கியரை முன்னும் பின்னும் வெடுக்கென்று தள்ளினான். சாவி வந்துவிட்டது.

"வண்டிய ஒழுங்கா பார்க்கிங்ல போடக்கூடத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்குக் கார்?"

தண்ணீர் டம்ளரோடு வெளியே வந்த ஜோசஃபின் அப்படியே நின்றுவிட்டாள். பிரபா பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் காரைத் தொடவில்லை. மழை பெய்தாலும் பஸ்தான்.

இப்போது ரகு அதே மாதிரி கியரைத் தள்ளினான். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தான். கியர் நகரும் இடுக்கின் ஓரத்தில் பழுப்பாகக் கறை படிந்திருந்தது. அந்த இடுக்குக்குள் எறும்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.

பாதாம் பால்.

பிரபா விவேக் நகர் போனதற்கு முந்தின நாள், சிக்னலில் அவன் திடீரென்று பிரேக் போட்டதில் கையிலிருந்த பாட்டில் கவிழ்ந்திருந்தது. மேலே இருந்ததைத் துடைத்தான். உள்ளே இறங்கியது போகட்டும் என்று விட்டுவிட்டான். காருக்குள் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டவன் அவன்தான். அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை. பால் காய்ந்து அவ்வப்போது கியரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது பார்க்கிங்கில் முழுதாகப் போய் உட்காராதவரை சாவி வராது.

ஓங்கித் தள்ளியதும் சாவி வந்தது. காய் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினான்.

பிரபா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"உன்மேல தப்பே இல்ல பிரபா. எல்லாம் நான் பண்ணின வேலை."

அவள் கை நிற்கவில்லை. "பால் கொட்டினது பெரிய விஷயமில்லீங்க. அன்னைக்கு நீங்க என்ன வீட்ல விட்டுட்டு ஆபீஸ் போனப்புறம் ஜோசஃபின் போன் பண்ணினா. 'வீட்லயும் உன்ன இப்படித்தான் பேசுவாரா'ன்னு கேட்டா. இல்லன்னு சொன்னேன்." ஒரு காயை உரித்துப் போட்டுவிட்டுச் சொன்னாள். "பொய்தான்."

ரகு போனை எடுத்து, அவள் எதிரிலேயே ஜோசஃபினைக் கூப்பிட்டான்.

"கார்ல பாலைக் கொட்டி வச்சது நான்தாங்க. அது தெரியாம பிரபாவ உங்க முன்னாடி திட்டிட்டேன்."

"தெரிஞ்சிருந்தா திட்டியிருக்க மாட்டீங்க, அப்படித்தானே?" என்றாள் ஜோசஃபின். "அவ தப்பாவே போட்டிருந்தாலும் அது பேச்சா ரகு?"

"இல்லீங்க," என்றான்.

போனை வைத்தபின் பிரபா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

"நாளைக்கே சுத்தம் பண்ணக் குடுத்துடறேன். நீ திரும்ப ஓட்டு," என்றான்.

"குடுங்க. எனக்கு இப்போ அதுல உக்காரத் தோணல. தோணும்போது நானே சொல்றேன்."

எப்போது என்று அவன் கேட்கவில்லை. உரித்த தோலை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனான்.