உப்புத்தாள் தேய்த்த விரல்

அக்காவுக்குப் பிரசவத்தில் ஆசனவாய் வரைக்கும் கிழிந்துவிட்டது. தையல் போட்டார்கள், புண் ஆறியது, அடக்கும் சக்தி மட்டும் திரும்பவில்லை. இருமல் வந்தாலே எழுந்து ஓடுவாள். பஸ்ஸில் போக வேண்டுமென்றால் முதல் நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். இதையெல்லாம் கூட இருந்து பார்த்த தங்கைக்கு, வயிறு பெரிதாகப் பெரிதாகப் பயமும் பெரிதானது.

கடைசி வாரங்களில் குழந்தை வரும் வழியை எண்ணெய் தொட்டு நீவிவிட்டால் சதை நெகிழ்ந்து கொடுக்கும், தலைப்பிரசவத்தில் கிழிசல் குறையும் என்று ஒரு நர்ஸ் அக்காவிடம் சொல்லியிருந்தாள். அக்கா அதைத் தங்கை புருஷனிடம் அப்படியே சொன்னாள். வெட்கமெல்லாம் அவளுக்கு ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது.

"நகத்த ஒட்ட வெட்டிடுங்க தம்பி. கட்டைவிரல உள்ள வச்சு, கீழ்ப்பக்கமா மெதுவா அழுத்துங்க. வலிச்சா விட்டுடணும். ரத்தம் பட்டா அன்னிக்கே ஆஸ்பத்திரி."

அவன் தச்சன். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினான். மனைவிக்கு நச்சுக்கொடி கர்ப்பப்பையில் கீழே இருக்கிறது, இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொல்லவில்லை. பெரும்பாலும் அது தானாக மேலே போய்விடும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். மனசுக்குப் பிடித்த பாதியை மட்டும் பிடித்துக்கொள்வதில் இந்த மனுஷன் கெட்டிக்காரன்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து அவள் தலையணையில் சாய்ந்துகொள்வாள். வயிறு மறைப்பதால் கீழே நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"மூச்சு விடுங்க. நாற்காலியா செய்றீங்க?" என்று அவனைச் சீண்டுவாள்.

ஒரு நாள் துண்டில் சிவப்பு. அவளுக்கு வலி இல்லை. அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். காய்ப்பின் ஓரம் வெடித்திருந்தது. வேறு எதையும் யோசிக்க அவனுக்குத் தோன்றவில்லை. கேவலமாக இருந்தது.

"ஈரமா இருக்கே?" என்றாள்.

"எண்ணெய்தான்."

மறுநாள் பட்டறையில், பாலிஷுக்கு முன்னால் தேய்க்கிற மிக நைசான உப்புத்தாளை எடுத்துக் கட்டைவிரலைத் தேய்த்தான். பக்கத்தில் வேலை செய்தவன், "விரலுக்கு வார்னிஷும் அடிச்சுடு" என்று சிரித்தான். இவனும் சிரித்தான். காய்ப்பு போய் விரல் வழவழவென்று ஆனது.

சில நாள் துண்டு வெள்ளையாகவே இருந்தது. பிறகு மறுபடியும் சிவப்பு, இந்த முறை கொஞ்சம் அதிகமாக. துணி துவைப்பது அவன் வேலை என்பதால் மறைப்பதில் சிரமமில்லை. அவன் இன்னும் தேய்த்தான். தோல் சிவந்து, தொட்டாலே எரிந்தது. அக்கா போனில் கேட்டபோது, "எல்லாம் நல்லா போகுது" என்றான்.

அடுத்த நாள் அவன் விரலை எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கினான். இன்னும் வெளியே எடுக்கவில்லை.

"ஏங்க, நிறைய ஊத்திட்டீங்களா? கீழ எல்லாம் நனையுது."

துண்டு சிவந்துகொண்டே வந்தது. அவன் அவளைத் தொடவே இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரத்தம் விரல் பட்டு வந்ததல்ல, டாக்டர் சொன்ன அந்த நச்சுக்கொடியிலிருந்து வருகிறது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே நர்ஸ் கேட்டாள். "இதுக்கு முன்னாடி ரத்தம் பட்டிருக்காம்மா?"

"இல்ல. தினமும் இவருதான் பாக்குறாரு. பட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

நர்ஸ் அவனைப் பார்த்தாள். மனைவி அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"ரெண்டு தடவ பட்டுச்சு" என்றான். "என் விரல் கீறிடுச்சுன்னு நெனச்சேன்."

நர்ஸ் தள்ளுவதை வேகப்படுத்தினாள். ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி யாரையோ கூப்பிட்டாள். வயிற்றைத்தான் திறக்க வேண்டும் என்றாள்.

மனைவி அழவில்லை. அவன் கையை விட்டுவிட்டாள்.

"எங்க அக்காவ வரச் சொல்லுங்க" என்றாள் நர்ஸிடம். "எனக்கு நினைவு இல்லாம போனா, எது கேக்கணும்னாலும் அவகிட்ட கேளுங்க. இவர்கிட்ட வேணாம்."

கதவு மூடியது. உள்ளேயிருந்து வந்தவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டிப் போய், அக்கா வந்துவிட்டாளா என்று வாசலைப் பார்த்தார்கள்.