பதினான்கு மாத்திரை

தப்பு என்னிடமிருந்துதான் தொடங்கியது. அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவனைத் திட்ட வேண்டும்.

கரும்பு வெட்டுகிறவர்கள் கையில் கரும்பின் காய்ந்த சோகை கிழிக்காத இடமே இருக்காது. அதற்காக எங்கள் வெட்டாள் செட்டில் ஒரு புட்டி காய மருந்து எப்போதும் இருக்கும். தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் வெளுக்கும், கழுவினால் எரியும், இரண்டு நாளில் புண் காய்ந்துவிடும். என் ஓர்ப்படி, கொழுந்தன் பொண்டாட்டி கண்ணகி கல்யாணமாகி வந்து எட்டு மாதம்தான். ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். கீழே அரிப்பு, நாற்றம், வெள்ளைபடுகிறது என்றாள். கைப்புண்ணை ஆற்றுவது அங்கேயும் ஆற்றாதா என்று அந்தப் புட்டியைக் கொடுத்தவள் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மாதம் உள்ளேயும் விட்டுக் கழுவியிருக்கிறாள். எரிச்சல் கூடிப்போய், ஒன்றுக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் கட்டு சுமந்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்து, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு எங்களை முறைத்தார்.

"தயிர்ல இருக்கிற மாதிரி உள்ள நல்ல கிருமி இருக்கும்மா. அதுதான் காவல். மருந்த ஊத்திக் காவலையே கொன்னுட்டீங்க. சோப்புகூட உள்ள போகக் கூடாது. வெளிய வெறும் தண்ணி போதும்."

அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். இந்தத் தொற்று புருஷனிடமிருந்து வந்திருக்கும், அவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் காலையும் இரவும் ஒவ்வொரு மாத்திரை, ஏழு நாள் விழுங்க வேண்டும். அவன் விழுங்காவிட்டால் இவளுக்குத் திரும்பத் திரும்ப வரும். அதுவரை சேரக் கூடாது. குடிக்கவும் கூடாது.

என் கொழுந்தன் தனசேகரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்.

"குடிக்கக் கூடாதா?"

மாத்திரை அட்டையைக் குப்பையில் வீசினான். "எனக்கு இன்னா வியாதி? நோவு அவளுக்கு. அவ அண்ணன வரச் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம அம்மா வூட்டுக்குப் போவட்டும். நாத்தத்தோட எவன் குடும்பம் பண்றது?"

மாமியார் ஆயம்மாளும் ஒத்து ஊதினாள், "அவளுது சூட்டு ஒடம்பு" என்று. நோயைக் கொடுத்தவன் வீட்டில் இருப்பானாம், வாங்கியவள் வாழாவெட்டியாகப் போவாளாம்! ஏழு நாள் சாராயத்தை விட முடியாதவனுக்கு ஒரு பொண்டாட்டி.

விடிந்ததும் கண்ணகியிடம் கேட்டேன், "எல்லார் முன்னாலயும் சொல்லட்டுமா?" முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள். பிறகு, "சொல்லுக்கா" என்றாள்.

அன்று மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வேலை. ஆண் வெட்டிப் போட்டுக்கொண்டே போவான், பின்னாலேயே பெண் சோகை கழித்துக் கட்டுக் கட்டுவாள். கட்டாத கரும்பு வண்டி ஏறாது. தனசேகரன் பாதிப் பாத்தி வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஒரு கட்டுகூட இல்லை. கண்ணகி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான், என் பக்கத்தில் மற்ற ஆறு பெண்கள்.

டிராக்டர் வந்து நின்றது. மேஸ்திரி ராஜாங்கம் கத்தினார். "இன்னா அண்ணி இது வெளாட்டு?" என்று கொழுந்தன் என்னிடம் எகிறினான்.

"வெளாட்டு இல்லடா. நோவக் குடுத்தவன் நீ, அவள வூட்ட வுட்டுத் தொரத்துறியா? ஏழு நாள் குடிக்காம இருக்கத் துப்பில்ல, நாத்தம்னு பேசுறியா? நீ மாத்திரை முழுங்காத வரைக்கும் இங்க ஒருத்தியும் கட்டுக் கட்ட மாட்டா."

வயல் முழுக்கக் கேட்டது. ஆண்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அரிவாளைத் துடைத்தார்கள். என் புருஷனும்தான். மேஸ்திரி மணியைப் பார்த்துவிட்டு, "முழுங்கித் தொலைடா" என்றார்.

கண்ணகி எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். குப்பையில் வீசிய அட்டை அதில் இருந்தது. ஒன்றைப் பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்க் கேனை நீட்டினாள். யாரையும் பார்க்காமல் விழுங்கினான்.

அவள் அட்டையைத் திரும்ப முடிந்துகொண்டு குனிந்து, கரும்பின் நுனிக் கொழுந்தாடையைக் கயிறாக முறுக்கி முதல் கட்டைக் கட்டினாள்.

"வெள்ளிக்கெழம எங்க அண்ணன் வந்தா சோறு தின்னுட்டுப் போவட்டும்" என்றாள். "நான் எங்கயும் போவல. இன்னும் பதிமூணு இருக்குது."