ஓவர்சியர் வீட்டுத் தொட்டியின் மூச்சு

பவ வருடம் ஆனி மாதம் பதினேழாம் தேதி பகல் பதினொரு மணிக்கு, தென்காசியில் கால்வாய் ஓவர்சியர் குத்தாலிங்கம் வீட்டுப் பின்கட்டில் இருந்த செப்டிக் டாங்க் மூச்சுவிடத் தொடங்கியது. அன்றைக்குச் சாரல் இல்லை. குற்றாலத்தில் தண்ணீர் சுமாராக விழுந்தது. சந்தையில் சேனைக்கிழங்கு மலிவு. தொட்டியின் மூச்சு அப்படியொன்றும் பெரிய சத்தமில்லை. சளி பிடித்த கைக்குழந்தை தூங்கும்போது மூக்கில் சின்ன அடைப்போடு இழுத்து விடுமே, அந்த அளவுதான். முதலில் கேட்டவள் குத்தாலிங்கத்தின் மனைவி மங்களேஸ்வரி. வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, தொட்டியை மூடியிருந்த கல்பலகையில் காதை வைத்துப் படுத்தாள். அப்படியே தூங்கிப்போனாள். மூன்று மணிவரை எழுந்திருக்கவில்லை. ஆறு வருடம் எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் தூங்கிய முதல் தூக்கம் அது.

பிரபவ வருடம் புரட்டாசியில், கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தெட்டு நாள் இருந்தது. கடைசி நாலு நாளும் நெஞ்சில் சளி. மங்களேஸ்வரி அதன் மூச்சைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் ஒரு கணம் கண் அசந்தாள். விழித்தபோது மூச்சு இல்லை. நாற்பத்தோராம் நாள் பெயர் வைப்பதாக இருந்ததால் குழந்தைக்குப் பெயரும் இல்லை. அதோடு அவள் கண் மூடுவது நின்றுபோயிற்று. பேச்சுக்குச் சொல்வதில்லை இது. திருநெல்வேலியிலிருந்து வந்த டாக்டர் அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு இரண்டு நாள் பார்த்தார். நடுவில் அவர்தான் தூங்கிவிழுந்தார். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். தெருவுக்கு இது சீக்கிரமே பழகிவிட்டது. விடிகாலை ரயிலுக்குப் போகிறவர்கள், "மங்களம், எங்கள நாலு மணிக்கு எழுப்பிவிட்டுரு" என்று சொல்லிவைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார்கள். அவளும் எழுப்பிவிட்டாள். ஆனால் வருடத்துக்கு வருடம் இளைத்தாள். மணிக்கட்டில் கிடக்க வேண்டிய வளையல் முழங்கையைத் தாண்டி ஏறியது. இப்படியே போனால் ஆள் மிஞ்ச மாட்டாள் என்று குத்தாலிங்கத்துக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் பயம்.

அந்தத் தொட்டியே அவள் கேட்டுக் கட்டியதுதான். தூங்காதவளுக்கு எல்லாச் சத்தமும் கேட்கும். தினமும் விடியும் முன் பின்சந்தில் மாடன் வருகிற சத்தத்தை அவள் கேட்டாள். தெருவின் கக்கூஸ்களை எல்லாம் அள்ளி, தகர வாளியில் தலையில் சுமந்து போகிறவர் அவர். யாரும் எதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக, "வாரேன், வாரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒருநாள் மங்களேஸ்வரி புருஷனிடம், "நம்ம வீட்டுதையாவது அந்த மனுசன் தலையில இருந்து எறக்கிவிடுங்க" என்றாள். ஆறு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றைத்தான். குற்றாலத்தில் துரைமார் பங்களாவில் அப்படி ஒரு தொட்டி இருந்தது. குத்தாலிங்கம் போய் அளந்துகொண்டு வந்தார். மாடனே குழி தோண்டினார். செங்கல்லில் இரண்டு அறை. முதல் அறையில் கசடு அடங்கும், தெளிந்த தண்ணீர் இரண்டாவதற்கு வழிந்து வாழைக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் குத்தாலிங்கம் மாடனைக் கால்வாய்க் கூலியாகச் சேர்த்துக்கொண்டார். தெரு முகத்தைச் சுளித்தது. மாடன் வாளியை ஆற்றில் எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

மூச்சு வந்த பிறகு அந்த வீட்டின் நடைமுறையெல்லாம் தொட்டியைச் சுற்றி அமைந்தது. சீயக்காய்த் தண்ணீர் அதில் இறங்கக் கூடாது. சாம்பல் கூடாது. தேங்காய் நார் ஒரு இழைகூடக் கூடாது. மாதம் முதல் தேதி குத்தாலிங்கம் பலகையை ஒரு சாண் நகர்த்தி, மேலே படிந்த ஆடையை மூங்கில் குச்சியால் அளப்பார். மதகுத் தண்ணீரை அளக்கும் அதே முகபாவத்தோடு அளப்பார், கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும். நாற்றம் துளியும் இல்லை. மங்களேஸ்வரி தினம் பதினொரு மணிக்குக் கல்லின் மேல் பாய் விரித்துப் படுப்பாள், மூன்று மணிக்கு எழுவாள். வளையல் மெல்ல மெல்ல மணிக்கட்டுக்கு இறங்கியது. இராத்திரியிலும் சில நாள் கண் அசந்தாள், தெருவில் இரண்டு பேர் விடிகாலை ரயிலைத் தவறவிட்டார்கள்.

மறுவருடம் ஆடியில் தகப்பனார் திதிக்காக, குத்தாலிங்கத்தின் அக்காள் இராமலட்சுமி வாசுதேவநல்லூரிலிருந்து வந்தாள். தம்பிமேல் உயிரையே வைத்திருக்கிறவள். சுத்தம் என்று வந்துவிட்டால் தண்ணீரையே கழுவிக் குடிக்கிற ரகம். அடுப்படிக்குப் பத்தடியில் இப்படி ஒரு குழி இருக்க, அப்பா எப்படிச் சோறெடுக்க வருவார் என்று அவளுக்குக் கவலை. யாரிடமும் கேட்கவில்லை. காலையில் குளித்துவிட்டு, கொண்டுவந்திருந்த மூன்று டின் பினாயிலையும் கக்கூஸில் ஊற்றி, மேலே இரண்டு குடம் மஞ்சள் தண்ணீரும் விட்டாள். திதி நன்றாக நடந்தது, காக்காய் வந்து சோறெடுத்தது. பதினொரு மணிக்கு மங்களேஸ்வரி பாயை விரித்துக் காதை வைத்தாள். மூச்சு இல்லை.

அவள் அழவில்லை. அன்றும் தூங்கவில்லை, மறுநாளும் தூங்கவில்லை. தொட்டி முதல்முறையாக நாறியது. இராமலட்சுமி ஊருக்குத் திரும்பவில்லை. "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்று இரண்டு நாள் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டு, நாத்தனாராகப்பட்டவள், கல்லின் மேல் தம்பி பெண்டாட்டியின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது நாளில் வளையல் மறுபடி முழங்கைக்கு ஏறியது. நாற்பத்தோராம் நாள் பாலுக்கு உறை ஊற்றப்போன இராமலட்சுமி, கரண்டியும் கையுமாகப் பின்கட்டுக்கு வந்தாள்.

"ஏலே தம்பி, வீட்டுல மோரு தீந்துபோச்சுன்னா என்ன செய்வோம்? பக்கத்து வீட்டுல உறை வாங்கி ஊத்துவோம்லா? இதுக்கும் எங்கனயாவது போயி உறை வாங்கிட்டு வாயேன்."

தொட்டி இருக்கும் இன்னொரு இடம் குற்றாலத்துப் பங்களாதான். குத்தாலிங்கம் புது மண்பானையோடு மாடனையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தார். பங்களாக் காவல்காரர் ஒலி முகம்மது விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. அவர் காவலில் இருந்த தொட்டி பதினைந்து வருடமாக, தின்றுவிட்டுச் சாய்ந்த துரை மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஆனால் கையை விரித்துவிட்டார். "வெளக்கு வச்ச பொறவு உறை குடுக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாவ. காலையில வாங்கிட்டுப் போங்கய்யா."

காலையில் பானை நிறையக் கசடு எடுத்து, வாழையிலையால் வாயைக் கட்டினார்கள். குத்தாலிங்கம் ஒதுங்கி நின்றுகொண்டு மாடனைப் பார்த்தார். மாடன் பானையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்.

"ஐயா, நான் தலையில தூக்குதத விட்டு ஒரு வருசம் ஆச்சு. இனி தூக்க மாட்டேன். வேணும்னா கூட நடந்து வாரேன்."

குத்தாலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. கோபமும் வந்தது. அந்தக் கோபத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பிறகு தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தார். மாடன் பானையை ஏற்றிவிட்டார். மூன்று மைல். வழியெல்லாம் மாடன் பத்தடி முன்னால் நடந்து, "ஐயா வாரார், ஒதுங்குங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. பானை தளும்பிக் கழுத்தில் வழிந்தது. இதே தெருவில் இருபது வருடம் இப்படி ஒருவர் நடந்தார், அதில் பல வருடம் தன் வீட்டுச் சுமையும் அந்தத் தலையில் இருந்தது என்று நினைத்தபோது குத்தாலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. கதவுகள் சாத்தியதை அவர் பொருட்படுத்தவில்லை. பின்வாசலில் இராமலட்சுமி குளித்த ஈரப்புடவையோடு நின்றிருந்தாள். பானையைத் தன் இரண்டு கையாலும் வாங்கி இறக்கினாள்.

கசடைத் தொட்டியில் விட்ட ஒன்பதாம் நாள் பதினொரு மணிக்கு மூச்சு வந்தது. மங்களேஸ்வரி காதை வைத்தாள். புருவம் சுருங்கியது. "இது அவ மூச்சு இல்லியே" என்றாள்.

இராமலட்சுமிதான், "உறைய எங்க வாங்கினாலும் தயிரு நம்ம பாலோட ருசிதானட்டி இருக்கும். இன்னும் கொஞ்சம் நல்லாக் கேளு" என்றாள்.

மங்களேஸ்வரி மறுபடி கேட்டாள். இழுப்பு நீளமாக இருந்தது. மூக்கடைப்பு இல்லை. வெயிலில் ஓடியாடிவிட்டு வந்து, கால் கழுவாமல் அப்படியே படுத்துவிட்ட எட்டு வயதுப் பிள்ளையின் மூச்சு அது. அந்தப் புரட்டாசியோடு அவர்களுடைய பெண்ணுக்கு எட்டு வயது ஆகியிருக்கும். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வளந்துட்டா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். இராமலட்சுமி அன்று சாயங்காலமே ஊருக்குப் புறப்பட்டாள். போகும்போது தொட்டியிடமும் சொல்லிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு மூச்சு வருடாவருடம் வளர்ந்தது. யுத்தம் வந்தது, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூப்பன் வந்தது. அன்று கதவைச் சாத்திய வீடுகளில் ஐந்தாறு பேர் தாங்களும் தொட்டி கட்டிவிட்டு உறை கேட்டு வந்தார்கள். மங்களேஸ்வரி கொடுத்தாள். வீட்டுக்காரரே தலையில் தூக்கிப் போக வேண்டும், ஆள் வைத்துத் தூக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அந்தத் தொட்டிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன, ஆனால் மூச்சு விடவில்லை. தாரண வருடம் ஆவணியில் இலத்தூரிலிருந்து சிவனணைந்தபெருமாள் என்ற விவசாயி பெண்டாட்டியோடு வந்து உறை கேட்டார். அவர்கள் பானையோடு தாம்பாளத்தில் பூவும் கொண்டுவந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, வெறுங்கையோடு வர ஒரு மாதிரியாக இருந்தது என்றார்கள். மங்களேஸ்வரி அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பட்டுப்புடவையும் மஞ்சள் குங்குமமும் எடுத்துவந்து பானையோடு வைத்தாள். சிவனணைந்தபெருமாள் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வண்டிப்பாதையில் நடந்தார். அன்று பதினொரு மணிக்குத் தொட்டியில் மூச்சு இல்லை. தண்ணீர் தெளிவாகத்தான் வழிந்துகொண்டிருந்தது. குத்தாலிங்கம் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். அவள் பாயை விரித்துக்கொண்டே, "பதினேழு வயசாகப்போவுது. எத்தன நாளுக்கு நம்மகிட்டயே வச்சுக்கிட முடியும்?" என்றாள். படுத்தாள். மூன்று மணிவரை நன்றாகத் தூங்கினாள்.

தை பிறந்ததும் குத்தாலிங்கம் வெண்கலப் பானை, பச்சரிசி, கரும்பு, மஞ்சள் குலை எல்லாம் தலையில் சுமந்துகொண்டு கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தலைப்பொங்கல்படி கொடுக்க இலத்தூர் போனார். பிறகு ஒவ்வொரு தையிலும் போனார். சிவனணைந்தபெருமாளின் பெண்டாட்டி படியை வாங்கி வைத்துவிட்டுக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பாள். "இப்பதான் கண்ணசந்தா, சத்தம் போடாம வாங்க" என்று சொல்லிப் பின்கட்டுக்குக் கூட்டிப்போவாள்.